பதினோரு வருடம் சுவரில் இருந்த படம்

என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு படம் 11 வருடம் இருந்தது. மதுரையில் புதுமண்டபம் பக்கம் பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய ஆங்கிலப் புகைப்பட இதழ்களில் ஒன்றிலிருந்து பிளேடால் அறுத்து எடுத்தது. கறுப்பு வெள்ளை. ஒரு ஜப்பானிய வீட்டின் குளியல் தொட்டியில் ஒரு தாய் தன் வளர்ந்த மகளைக் கைகளில் ஏந்தியிருக்கிறார். எடுத்தவர் யூஜின் ஸ்மித். கேமராவோடு திரிகிற யாரிடமும் அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் படமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு இதைக் காட்டி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, அவ்வளவு இருட்டுக்குள்ளும் தண்ணீர் எப்படித் தனியாகத் தெரிகிறது என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு என் சித்தி ஒரு கல்யாணத்துக்காக வந்து எங்கள் வீட்டில் தங்கினார். சித்திக்கு ஒரே மகள், அப்போது 24 வயது. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகாததால் நடக்க மாட்டாள், பேச மாட்டாள், கைகால்கள் இறுகியிருக்கும். அவளை அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் இரண்டு நாள் விட்டுவிட்டு வருவதற்கே சித்திக்கு ஒரு மாத ஏற்பாடு தேவைப்பட்டது. காப்பி டம்ளரோடு என் அறைக்கு வந்தவர் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "தம்பி, இந்தம்மா கைய எப்படி வச்சிருக்குன்னு பாத்தியா? கழுத்துக்கு அடியில முட்டுக் குடுத்துருக்கு. இல்லேன்னா தல பின்னாடி சாஞ்சு காதுல தண்ணி போயிரும்" என்றார். நான் அதைப் பார்த்ததில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கையை ஒரு வேலை செய்கிற கையாகப் பார்த்ததில்லை.

"இந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்கு?"

"தெரியல சித்தி."

"அந்தம்மா?"

அதுவும் தெரியவில்லை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியும், தொமோகோ. ஆனால் படத்தின் தலைப்பாகத்தான் தெரியும். எடுத்த மாதம் தெரியும், எந்தப் பத்திரிகையில் எந்தத் தேதியில் வந்தது என்று தெரியும், பிரிண்டை எப்படிப் போட்டார் என்று தெரியும். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் இன்னும் ஓயவில்லை.

ஸ்மித் என்கிற மனிதர்

முதலில் என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்மித்தை நான் பிடித்துக்கொண்டது டார்க் ரூம் வழியாக. ப்ளஸ் டூ விடுமுறையில் ஒரு ஸ்டுடியோவில் ஃபிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் கற்றுக்கொண்டேன். பிரிண்ட் போடப் பயன்படும் ஹைப்போ ரசாயனத்தின் வாடை சட்டையிலிருந்து போகவே போகாது. அங்கே இருந்த பெரியவர், முகம் கறுத்துப் போன பிரிண்டை வெள்ளைக்குக் கொண்டுவர ஒரு மஞ்சள் ரசாயனம் வைத்திருந்தார். பொட்டாசியம் ஃபெரிசயனைடு. தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதில் தொட்டு, ஈரமான பிரிண்டில் கண்ணின் வெள்ளையில் மட்டும் மெல்ல ஒற்றுவார். ஒற்றின கையோடு தண்ணீரில் அலச வேண்டும், ஒரு விநாடி தாமதித்தால் கண்ணே காணாமல் போகும். ஸ்மித்தின் படங்களில் ஆழமான கறுப்பிலிருந்து முகம் மட்டும் எழுந்து வருகிறதே, அது பெரும்பாலும் இந்த வேலைதான். ஒரே ஒரு பிரிண்டுக்காக நாள்கணக்கில் டார்க் ரூமுக்குள் கிடப்பாராம். படித்தபோது அந்தப் பெரியவரின் மஞ்சள் விரல்நுனி ஞாபகம் வந்தது.

1918 டிசம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் விசிட்டா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா தானிய வியாபாரி, பொருளாதார மந்தத்தில் நொடித்துப்போய் 1936இல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அந்தச் சாவை உள்ளூர்ப் பத்திரிகைகள் எழுதிய விதம் 17 வயதுப் பையனை உலுக்கிவிட்டது. நடந்தது ஒன்று, அச்சில் வந்தது வேறு. பத்திரிகைக்குப் படம் எடுக்கும் தொழிலே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தவரை ஒரு பத்திரிகை நண்பர்தான், நேர்மை தொழிலில் இல்லை, செய்கிற ஆளிடம் இருக்கிறது என்று சொல்லித் திருப்பினார். ஸ்மித்தின் வாழ்க்கையில் பலரும் வேகமாகத் தாண்டிவிடும் இடம் இது. எனக்கு இப்போது இதுதான் பெரிதாகத் தெரிகிறது. தன் வீட்டுத் துக்கம் ஊரார் கண்ணில் காகிதமாகக் கிடப்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு அந்த வயதிலேயே தெரியும்.

போர் வந்தது. பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படைகளோடு போனார். 1944இல் சைபான் தீவின் மலையில் ஒரு சிப்பாய் கண்டெடுத்த, சாகக் கிடந்த கைக்குழந்தையைப் படம் எடுத்தார். 1945 மே மாதம் ஒக்கினாவாவில் ஜப்பானிய எறிகுண்டின் சிதறல் அவருடைய இடது கையையும் முகத்தையும் வாயையும் கிழித்தது. எழுந்து நடமாட இரண்டு வருடம், ஏகப்பட்ட அறுவை சிகிச்சைகள். அப்புறம் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை. கொலராடோவின் மலைக் கிராமத்து மருத்துவர், ஸ்பெயினின் தெலெய்தோசா என்ற ஏழைக் கிராமம். ஒரு ஆளோடு வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, அவர் நம்மை மறந்துபோகும்வரை காத்திருந்து, அந்த வாழ்க்கையைப் பத்துப் பக்கத்தில் கதையாகச் சொல்வது. இன்று எல்லோரும் பேசும் புகைப்படக் கட்டுரைக்கு உருவம் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் அவர்.

1951இல் தென் கரோலினாவில் மாட் கேலன் என்ற கறுப்பினச் செவிலியோடு அலைந்து எடுத்த தொகுப்புதான் எனக்கு அவற்றில் மிகவும் பிடித்தது. பிரசவமும் பார்ப்பார், வீடு வீடாகப் போய் நோயாளிகளையும் கவனிப்பார். மண் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு, மருத்துவரே எட்டிப் பார்க்காத குடிசைகளுக்குப் போவார். அந்தப் பக்கங்கள் வெளிவந்ததும் வாசகர்கள் தாங்களாகவே பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். சேர்ந்த பணத்தில் 1953இல் அவருக்கு ஒரு சிறு மருத்துவ நிலையமே எழுந்தது. படம் எடுப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களிடம் நான் வருடக்கணக்கில் சொல்லிவந்த பதில் இதுதான்.

ஆனால் அவரோடு சேர்ந்து வேலை பார்ப்பது லேசில்லை. எந்தப் படம், எந்த அளவில், எந்தப் பக்கத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர்களோடு மல்லுக்கட்டினார். 1954இல், ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திய மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சரைப் பற்றிய தொகுப்போடு லைஃபை விட்டு வெளியேறினார். அதன் முதல் படத்திலேயே வேறொரு நெகட்டிவிலிருந்து ஒரு கையையும் ரம்பத்தின் கைப்பிடியையும் எடுத்துச் சேர்த்திருக்கிறார் என்பது பிற்பாடு வெளிவந்தது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை. அடுத்த வருடம் பிட்ஸ்பர்க் நகரைப் பற்றி ஒரு புத்தகத்துக்கு 100 படம் கேட்டார்கள், மூன்று வார வேலை. அவர் பத்தாயிரத்துக்கும் மேல் எடுத்தார், வருடக்கணக்கில் அதிலேயே மூழ்கினார், குடும்பம் சிதறியது, கடன் ஏறியது. நியூயார்க்கில் ஜாஸ் கலைஞர்கள் ராத்திரி முழுக்க வாசிக்கும் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் போய்க் குடியிருந்தார். உடம்பில் குண்டுச் சிதறலின் வலி, அதற்கு மாத்திரை, அதற்கு மேல் விஸ்கி.

மினமாட்டா

ஒரு ஜப்பானிய நண்பர் அவரிடம் ஒரு மீனவர் ஊரைப் பற்றிச் சொன்னார். கியூஷு தீவில் மினமாட்டா. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்து, அதில் பயன்பட்ட பாதரசத்தின் கழிவைக் கடலில் விட்டது. மீனுக்குள் போனது, மீனைத் தின்ற பூனைகள் சுழன்று சுழன்று ஆடிக் கடலில் விழுந்து செத்தன, பிறகு மனிதர்கள். 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1959லேயே ஆலையின் சொந்த மருத்துவர் ஹோசோகாவா, கழிவைக் கலந்து தீனி கொடுத்த ஒரு பூனைக்கு அதே நோய் வந்ததைக் கண்டுபிடித்தார். ஆலை அதை வெளியே விடவில்லை. 1968இல் அந்த உற்பத்தி முறை நின்ற பிறகுதான் காரணம் ஆலைதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. மினமாட்டா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது 2001இல், கொடைக்கானலில் ஒரு பழைய இரும்புக் கடையில் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டு, அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்மித்திடம் வந்து சேர்ந்தேன்.

1971இல் அங்கே போனபோது ஸ்மித்துக்கு 52 வயது. புது மனைவி ஐலீனுக்கு 21. ஐலீனின் அம்மா ஜப்பானியர், அப்பா அமெரிக்கர். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போனவர்கள் மூன்று வருடம் இருந்தார்கள். நோயாளிகள் வாழும் குடியிருப்பிலேயே ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வழக்குக்கும் போராட்டத்துக்கும் கூடவே போய் வந்தார்கள். தன்னைக் குண்டால் கிழித்த நாட்டின் கடைக்கோடி ஊரில், அந்த நாட்டு ஏழைகளின் பக்கம் நின்றுகொண்டு தன் கடைசிப் பெரிய வேலையைச் செய்தார் என்பது எப்போது நினைத்தாலும் என்னை நெகிழவைக்கும். 1972 ஜனவரியில் டோக்கியோவுக்கு அருகே கோயி என்ற இடத்திலிருந்த சிஸ்ஸோ ஆலையில் நோயாளிகளோடு போயிருந்தபோது, ஆலை ஆட்கள் அவரைத் தூக்கித் தரையில் அடித்தார்கள். பார்வை பாதிக்கப்பட்டது, கழுத்து பிறகு சரியாகவே இல்லை. அப்படியும் படம் எடுப்பதை நிறுத்தவில்லை.

குளியலறைப் படம் அதற்குச் சில வாரம் முன்பு, 1971 டிசம்பரில் எடுத்தது. தொமோகோவுக்கு அப்போது 15 வயது. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும், வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் அதுவரை மருத்துவம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை பொய் என்று உலகுக்குத் தெரிந்தது தொமோகோ மாதிரிப் பிள்ளைகளால். அவள் அம்மாவுக்குப் பெரிய பாதிப்பில்லை. அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகளும் நல்லபடியாக இருந்தார்கள். என் உடம்பிலிருந்த விஷத்தையெல்லாம் மூத்தவள் தனக்குள் வாங்கிக்கொண்டாள், அதனால்தான் நாங்கள் பிழைத்தோம் என்பார் அந்த அம்மா. வீட்டில் அவளைச் செல்வப் பிள்ளை என்று சொல்வார்கள். இதைப் படித்த அன்று நான் சித்திக்கு ஃபோன் செய்தேன். கேட்டுவிட்டுச் சித்தி சொன்னது ஒன்றுதான்: "ஆமா, அப்படித்தான் தோணும்."

ஸ்மித்தும் ஐலீனும் அந்தக் குடும்பத்தோடு நன்றாகப் பழகியிருந்தார்கள். தங்களுக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக்கூடாது, அதற்கு இந்தப் படம் உதவும் என்று நினைத்துப் பெற்றோர் சம்மதித்தார்கள். 1972 ஜூன் 2 லைஃப் இதழில் வெளிவந்தது. உலகம் முழுவதும் போனது. 1973 மார்ச்சில் நீதிமன்றம் நோயாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தொமோகோ 1977 டிசம்பரில், 21 வயதில் இறந்துபோனாள். அடுத்த வருடம் அக்டோபரில் ஸ்மித்தும் போய்விட்டார். அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த நெகட்டிவ்களும் காகிதங்களும் சேர்ந்து 22 டன் எடை.

நான் பிறந்தது 1978க்குப் பிறகு. அந்தப் படத்தை நான் சுவரில் மாட்டியபோது அதை எடுத்தவரும் இல்லை, அதிலிருக்கும் மகளும் இல்லை. அந்தப் பெற்றோர் மட்டும் மினமாட்டாவில் அந்தப் படத்தோடு வாழவேண்டியிருந்தது.

தகப்பனார் கேட்டது

என்னை நிறுத்தியது 1990களின் பிற்பகுதியில் நடந்தது. மகள் இறந்து இருபது வருடம் ஆகியும் படம் ஓயவில்லை. சுவரொட்டி, பாடப்புத்தகம், கண்காட்சி. ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சி, அந்தப் படத்தைப் பற்றிப் பேட்டி வேண்டும் என்று வந்தபோது தகப்பனார் மறுத்துவிட்டார். தொமோகோ இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். ஐலீன் நேரில் போய் அவர்களைப் பார்த்தார். ஸ்மித்தின் மினமாட்டா படங்களுக்கான உரிமை ஐலீனிடம் இருந்தது. 1998இல், இந்த ஒரு படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே கொடுத்துவிட்டார். அதன் பிறகு புதிதாக எங்கும் அச்சிட அனுமதி இல்லை என்று ஆனது.

நான் படத்தை மாட்டியது அதற்குப் பல வருடம் கழித்து. எனக்குத் தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ள நினைக்கவில்லை என்பதும் உண்மை. அன்று இரவு இரண்டு மணிக்கு இதைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் படம் நேர் எதிரே இருக்கிறது. சித்தி பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் என் தங்கையின் புகைப்படம் ஒன்றுகூட யாருடைய ஃபோனிலும் கிடையாது. சித்தி அனுமதிப்பதில்லை. குடும்பப் படம் எடுக்கும்போது அவளைச் சக்கர நாற்காலியோடு உள்ளறையில் விட்டுவிட்டு வந்து நிற்பார். சித்தி வெட்கப்படுகிறார் என்றுதான் நான் ரொம்ப நாள் எண்ணியிருந்தேன். ஒரு தடவை அதைச் சொல்லியும் இருக்கிறேன், "எதுக்கு சித்தி ஒளிச்சு வைக்கிறீங்க" என்று. அதற்கு அவர் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொன்னார், நான் மறுபடி கேட்டதால்: "அவளால வேணாம்னு சொல்ல முடியாதுல்ல. அவளுக்குப் பதிலா நான்தான சொல்லணும்."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஆனால் மனது அதோடு அடங்கவில்லை. மினமாட்டா பற்றிய புத்தகத்தின் முன்னுரையில் ஸ்மித், தனக்கு இரண்டு பொறுப்புகள் என்று எழுதியிருக்கிறார்: ஒன்று தான் படம் எடுக்கும் மனிதர்களுக்கு, இன்னொன்று வாசகர்களுக்கு. இரண்டையும் சரியாகச் செய்தால் பத்திரிகைக்குச் செய்யவேண்டியது தானாக நடக்கும் என்று நம்பினார். இந்த இரண்டும் ஒரே திசையில் போகும் என்பது அவர் எண்ணம். மாட் கேலன் விஷயத்தில் போயின. தொமோகோ விஷயத்திலும் முதலில் போயின. வருடங்கள் கழித்து அவை பிரிந்தன. அப்போது முடிவெடுக்க ஸ்மித் இல்லை. இருந்திருந்தால் அப்பாவின் சாவைப் பத்திரிகையில் படித்த அந்த 17 வயதுப் பையன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பெற்றோர் பக்கம்தான் நின்றிருப்பான் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் படத்தின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட விட்டுக்கொடுக்காமல் ஆசிரியர்களோடு சண்டை போட்ட மனிதரும் அதே ஆள்தானே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகள் முன்பு, மினமாட்டாவில் ஸ்மித் இருந்த காலத்தை வைத்து ஒரு திரைப்படம் வந்ததையொட்டி, ஐலீன் தன் முடிவை மாற்றிக்கொண்டார். புத்தகத்தின் ஜப்பானிய மறுபதிப்பில் அந்தப் படம் திரும்ப வந்திருக்கிறது. உலகம் மறந்துவிடக் கூடாது என்று அவர் நினைப்பதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. மினமாட்டாவில் இன்னும் வழக்குகள் நடக்கின்றன, நோயாளிகள் என்ற அங்கீகாரத்துக்காக முதியவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். ஐலீன் அந்த வீட்டில் இருந்தவர், அந்தப் பிள்ளையை அறிந்தவர். முடிவெடுக்க அவருக்கு ஒரு தகுதி இருக்கிறது. பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கியவனுக்கு என்ன தகுதி? நான் தகப்பனார் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். பின்னால் பெயின்ட் நிறம் மாறாமல் ஒரு சதுரம் இருந்தது, இன்னும் இருக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை. பழைய அட்லஸ் ஒன்றின் நடுவில் வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். இந்தக் கட்டுரையோடும் அதைப் போடவில்லை.

போன தை மாதம் சித்தி மறுபடி வந்தார். இந்தத் தடவை தங்கையையும் அழைத்து வந்திருந்தார். அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு என் அறையைச் சுற்றிப் பார்த்தவர், "அந்தப் படம் எங்க?" என்றார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளை 21 வயதில் இறந்துபோனதைச் சொன்னபோது, கட்டில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். தகப்பனார் கேட்டதைச் சொன்னேன்.

"அவர் சொல்றது சரிதான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எனக்கு அந்தம்மா முகத்த இன்னொரு தடவ பாக்கணும் போல இருக்கு தம்பி."

முக்காலி போட்டு ஏறி அட்லஸை இறக்கினேன். சித்தி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். தங்கை பக்கத்தில் முழித்துக்கொண்டு படுத்திருந்தாள். சித்தியின் இடது கை அவள் கழுத்துக்கு அடியில் இருந்தது. நான் வெளியே போய் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். சித்தி கூப்பிட்டு, படத்தை என் கையில் கொடுத்து, "மேலயே வச்சுரு" என்றார். பிறகு, வெந்நீர் போட்டாயா, இவளைக் குளிப்பாட்ட வேண்டும் என்றார்.

இதை எழுதலாமா என்று சித்தியிடம் கேட்டேன். எழுது, அவள் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.